டொப்ளர் என்று மட்டும் எழுதிய துண்டு

அப்பாவின் வலது கால் சின்ன விரலை எடுத்து நான்கு மாதமாகிறது. காயம் ஆறிவிட்டது. கால் இருக்கிறது. அவர் மறுபடி வயலுக்குப் போகிறார். இதை எழுத இவ்வளவு நாளும் மனம் வரவில்லை. போன கிழமை எங்கள் முன்பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மா, தன் மாமனாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான் எடுக்கச் சொல்லித் துண்டு தந்திருக்கிறார்கள் என்று சொன்னார். வாங்கிப் பார்த்தேன். "டொப்ளர், இடது கால்" என்று மட்டும் இருந்தது. எங்களுக்குத் தந்த துண்டிலும் இப்படித்தான் இருந்தது, கால் மட்டும்தான் வேறு. ஒரு சொல் குறைந்ததால் எங்களுக்கு ஆறு கிழமையும் ஒரு விரலும் போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வயல். அம்மா இல்லை. தங்கச்சி கலியாணம் கட்டி மன்னாரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. அப்பாவுக்கு வயது 67, பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். சுருட்டையும் விடவில்லை. போன காலபோகம் விதைத்த பிறகு வரம்பில் நடக்கும்போது இடைக்கிடை நிற்கத் தொடங்கினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பயிரைப் பார்ப்பார், இரண்டு மூன்று நிமிடம் போனதும் மறுபடி நடப்பார். பூச்சி பார்க்கிறார் என்றே நான் நினைத்தேன். பல மாதம் கழித்து ஒரு டொக்டர், "எவ்வளவு தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும் ஐயா? நின்றால் விட்டுவிடுமா?" என்று கேட்டார். அப்பா யோசிக்காமல், "இரண்டு வரம்பு நடந்தால் பிடிக்கும், நின்றால் விட்டிடும்" என்றார். என் முன்னாலேயே நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டு மாத்தளனில் பட்ட ஷெல் துண்டு ஒன்று அப்பாவின் வலது தொடையில் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டாம், இருந்தால் ஒன்றும் செய்யாது என்று அப்போது சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் காலில் என்ன வந்தாலும், "அந்தத் துண்டுதான் உளையுது" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார். வன்னியில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து எல்லா வலியையும் அந்தத் துண்டின் தலையில் போடாதீர்கள். நடந்தால் வந்து, நின்றால் போகிற வலி துண்டின் வலி இல்லை. தசைக்கு இரத்தம் போதாமல் வருகிற வலி அது.

தை பிறந்ததும் அவர் இரவில் கட்டிலில் படுப்பதையே விட்டுவிட்டார். சாய்மனைக் கதிரையில் காலைத் தொங்கப்போட்டபடி தூங்குவார். படுத்தால் பாதம் எரிகிறது, தொங்கப்போட்டால் சுகமாக இருக்கிறது என்பார். கீழ்நோக்கித் தொங்கினால் கொஞ்ச இரத்தமாவது தன் பாரத்தில் இறங்கிப் போகும், அதுதான் அந்தச் சுகம். ஆனால் இரவு முழுக்கத் தொங்கிய காலில் நீர் இறங்கிப் பாதம் வீங்கிவிட்டது. வீங்கிய பாதத்தில் சிலிப்பர் வார் உரசிச் சின்ன விரலில் ஒரு புண். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த வீக்கத்துக்காக. வீக்கத்தைப் பார்த்தவர்கள் இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயான நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம் என்று யோசித்தார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் அப்படி யோசிப்பதில் பிழை இல்லை. அன்று நல்ல சனம், வரிசை வாசல் வரை நின்றது. நடக்கும்போது வலிக்கிறது, இரவில் காலைத் தொங்கப்போடுகிறார் என்ற இரண்டையும் நானும் சொல்லவில்லை. எனக்கு அவை முக்கியமாகப் படவே இல்லை. துண்டில் "டொப்ளர், வலது கால்" என்று எழுதித் தந்தார்கள்.

அரச ஆஸ்பத்திரியில் திகதி இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. பொறுக்க முடியாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். வானுக்கு 16,000 ரூபாய், ஸ்கானுக்கு 8,500. பத்து நிமிடத்தில் முடிந்தது. கவட்டிலிருந்து முழங்கால் வரை அந்தக் கருவியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். நாளம் மெல்லிய சுவருள்ளது, அழுத்தினால் சப்பையாகிவிடும். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் சப்பையாகாது. அந்தச் சோதனை இவ்வளவுதான். கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதைத் தந்த பிள்ளை, "ஒன்றும் இல்லை, இரத்த ஓட்டம் எல்லாம் நல்லா இருக்கு" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும்போது கிளிநொச்சியில் வானை நிறுத்தி மூன்று பேரும் வயிறாறச் சாப்பிட்டோம். அப்பா தோசை இரண்டு கூடக் கேட்டார். அந்தச் சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அதன் பிறகு ஆறு கிழமை. ஒன்றுவிட்டொரு நாள் கிட்டடி ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினோம். அறுவடையும் அந்த நேரம்தான். புண் ஆறவில்லை. விரல் முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு நீலம், பிறகு நுனியில் கறுப்பு. கேட்டவர்களிடம் எல்லாம், "ஸ்கான் எடுத்தாச்சு, இரத்த ஓட்டம் நல்லா இருக்காம்" என்று நானே சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை நம்பி மற்றவர்களின் வாயையும் நானே அடைத்தேன்.

பங்குனி மாதக் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த ஒரு டொக்டர் சீனிக் கணக்கைப் பார்ப்பதற்கு முதல் காலைப் பார்த்தார். பாதத்தின் மேற்பக்கத்தில் இரண்டு விரலை வைத்தார், பிறகு உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால். நீண்ட நேரம் வைத்திருந்தார். நாடித்துடிப்பு இல்லை. பேனை மாதிரி ஒரு சின்ன டொப்ளரைக் கொண்டுவந்து களி பூசி முதலில் அப்பாவின் மணிக்கட்டில் வைத்தார். குதிரை ஓடுவதுபோல் டக், டக் என்று தெளிவாகக் கேட்டது. பாதத்தில் வைத்தபோது, தூரத்தில் யாரோ மூச்சுவிடுவதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். பிறகு கணுக்காலில் பிரஷர் பட்டியைக் கட்டி அளந்து, கை பிரஷரால் பிரித்தார். 1.45 என்று வந்தது. இந்த எண் 0.9 இற்குக் கீழே போனால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் அப்பாவின் கால் நல்ல கால். ஆனால் டொக்டர் அதை நம்பவில்லை. நீண்ட நாள் சீனி வருத்தக்காரரின் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து கம்பிபோல் இறுகிவிடும், பட்டி எவ்வளவு இறுக்கினாலும் நெரியாது, அதனால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும், 1.4 ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு எங்கள் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, இது நாளத்துக்குப் பார்த்தது. நாடியை ஒருவரும் பார்க்கவே இல்லை" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தர வகுப்பில் இதை நான் படித்திருக்கிறேன். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டில் தமனி, சிரை என்பார்கள். வாய்க்காலையும் வடிகாலையும் போல இரண்டும் வேறு. வடிகால் அடைபடவில்லை என்று பார்த்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் வருகிறது என்று சொல்ல முடியுமா? நாங்கள் ஆறு கிழமையாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்கள் கையில் துண்டு வந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள்: நாடிக்கா, நாளத்துக்கா, இரண்டுக்குமா? அதைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏன் எடுக்கிறார்கள் என்று ஒரு வரியும் கேட்டு எழுதுவியுங்கள். "ஆறாத புண், துடிப்பு இல்லை" என்று இருந்தால் ஸ்கான் செய்கிறவர் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தனியார் இடத்துக்குத் தொலைபேசியில் விலை கேட்கும்போதும் இதைச் சொல்லியே கேளுங்கள், இரண்டுக்கும் நேரமும் காசும் வேறு. ரிப்போர்ட்டை வாங்கிய பிறகு, கவுண்டரில் யார் என்ன சொன்னாலும், துண்டு தந்த டொக்டரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டாமல் நிம்மதியடைய வேண்டாம். நான் காட்டவில்லை.

இரண்டாவது ஸ்கானுக்கு வான் பிடிக்கக் காசில்லை. மாங்குளம் வரை ஓட்டோ, அங்கிருந்து பஸ். போக்குவரத்து 3,200, ஸ்கான் 9,500. இந்த முறை முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஸ்கான் செய்த டொக்டர் என்னை உள்ளே நிற்க விட்டார். தொடையில் துண்டு இருக்கிறது என்று முதலே சொன்னேன். சொன்னது நல்லது என்றார், உலோகத்துக்குப் பின்னால் ஒலி போகாமல் நிழல் விழுமாம். திரையில் அந்தத் துண்டு ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது, அதற்குக் கீழே கறுப்பு வால் மாதிரி ஒன்று நீண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்து முதல்தடவை அதைப் பார்த்தேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. டொக்டர் அப்பாவைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லி வேறு பக்கத்தால் நாடியைப் பிடித்தார்.

திரையில் ஒரு குழாய் சிவப்பாகவும் பக்கத்தில் ஒன்று நீலமாகவும் இருந்தது. அப்பா நீலத்தைக் கண்டு, "கெட்ட இரத்தமோ பிள்ளை?" என்று என் கையைப் பிடித்தார். டொக்டருக்குக் கேட்டுவிட்டது. அந்த நிறத்துக்கும் இரத்தத்தின் நிறத்துக்கும் தொடர்பில்லை என்றார். கருவியை நோக்கி வருகிற ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போகிறதற்கு மற்றது, வழக்கமாக வருவது சிவப்பு, போவது நீலம், வேண்டுமானால் மாற்றியும் வைக்கலாம். கருவியைச் சரித்துப் பிடித்தார், அதே குழாய் சிவப்பிலிருந்து நீலமானது. நேர் செங்குத்தாகப் பிடித்தார், நிறமே போய்விட்டது, ஓட்டமே இல்லாததுபோல. அதனால் கோணம் முக்கியமாம், 60 பாகைக்கு மேல் போகாமல் வைத்தால்தான் வேகக் கணக்கை நம்பலாம் என்றார். கை பழகியவர் செய்ய வேண்டும் என்று சொல்வது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

தொடையின் நடுப்பகுதிக்கு வந்ததும் சத்தம் மாறியது. அதுவரை துடிப்பாக வந்தது, அந்த இடத்தில் சீறியது. தண்ணீர்ப் பம்பியின் குழாயை விரலால் நெரித்தால் நீர் சீறிக்கொண்டு போகுமே, அதேதான். அடைப்புக்கு மேலே இருந்த வேகத்தைவிட அடைப்பில் வேகம் இரண்டு மடங்கானால் குழாய் பாதிக்கு மேல் ஒடுங்கிவிட்டது என்று எடுப்பார்களாம். அப்பாவுக்கு நான்கு மடங்கு. அதற்குக் கீழே சத்தம் களைத்துப்போய்த் தொய்ந்தது. துண்டு இருந்த இடத்துக்கும் அடைப்புக்கும் ஒரு சாண் தூரம். அடைப்பு சீனியாலும் சுருட்டாலும் வந்தது என்று டொக்டர் நேராகவே சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று பஸ் நிலையத்தில் சட்டைப் பையிலிருந்த சுருட்டைக் கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டார். அதன்பிறகு தொடவில்லை.

திரும்பி வரும்போது ஏ9 வீதியில் எதிரே வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்தது. கிட்ட வரும்போது கீச்சென்று இருந்த சத்தம் கடந்ததும் தடித்துப்போனது. இதுதான் டொப்ளர். 1842 ஆம் ஆண்டு பிராக் நகரத்தில் கிறிஸ்ரியன் டொப்ளர் என்பவர் இதை இரட்டை நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி எழுதும்போது சொன்னார். மூன்று வருடம் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் ரயிலில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றிவிட்டு, தண்டவாளத்தோரம் நின்ற இசைக்காரர்களைக் கேட்க வைத்து அதைச் சோதித்தார். ஜப்பானின் ஒசாகாவில் சத்தோமுரா என்பவரின் குழு 1950 களில் காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பி, ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது அது மாறி வருவதைப் பிடித்தது. நிறம் வந்தது 1980 களில். இதை எல்லாம் இரவில் போனில் தேடி வாசித்தேன். நட்சத்திரத்தில் தொடங்கிய ஒன்று ஒட்டுசுட்டான் கமக்காரனின் கெண்டைக்காலுக்குள் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட கருவிகூட எந்தக் குழாயைப் பார் என்று சொல்கிறோமோ அந்தக் குழாயைத்தான் பார்க்கும்.

அடைப்பை எடுக்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு நாளை வீணாக்கினேன். அடைப்பை எடுக்க அஞ்சியோகிராம் செய்ய வேண்டும், அதாவது நாடிக்குள் சாயமருந்து ஏற்றி எக்ஸ்ரேயில் பார்ப்பது. அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையைப் புதிதாக எடுத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஐந்து மாதம் பழையது. மறுபடி இரத்தம் எடுத்துக் காத்திருக்க, ஒரு இரவு லொட்ஜ் வாடகை கூடியது. போவதற்கு முதல் கிட்டடி ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் அதிகம், அங்கே உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சீனிக்கு மெற்போமின் குளிசை போடுகிறவர் என்றால் அதை நிறுத்த வேண்டுமா, எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்னொன்று, உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள் காந்தத்தால் எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கான் என்ற சொல் வந்தாலே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவதும் நல்லது. எங்களுக்குப் பக்கத்துக் கட்டில் ஐயா ஒருவர்தான் உதவினார்.

முதல்நாள் இரவு அப்பா காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் சாப்பிடவில்லை. நான் போனில் வாசித்த ஒன்றைச் சொன்னேன். 1964 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 82 வயது அம்மா ஒருவர், பாதம் அழுகிவந்தும் காலை எடுக்கச் சம்மதிக்கவில்லை. சார்ள்ஸ் டொட்டர் என்ற டொக்டர், தொடை நாடிக்குள் மெல்லிய குழாயை விட்டு ஒடுங்கின இடத்தை உள்ளே இருந்தே விரித்தார். உலகத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை. அப்பா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கிழவி பிறகு நடந்தவவோ?" என்றார். "சாகும்வரைக்கும் அந்தக் காலோடதான் நடந்தவ அப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தப் பாணைத் தா" என்றார்.

மறுநாள் பலூன் வைத்து விரித்தார்கள். பாதம் அன்றே சூடானது, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் விரல் முதலே செத்துவிட்டது, நான்கு நாள் கழித்து எடுத்தார்கள். ஆறு கிழமை முதல் வந்திருந்தால் விரலையும் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார் டொக்டர். அந்தச் சொல்லோடுதான் நான் இன்னும் படுக்கிறேன்.

காசுக் கணக்கையும் சொல்கிறேன், இனிப் போகிறவர்களுக்கு உதவும். முதல் பயணமும் ஸ்கானும் 24,500, இரண்டாவது 12,700, கொழும்பில் வான், லொட்ஜ், சாப்பாடு, வெளியே வாங்கிய மருந்து எல்லாம் 88,000. மொத்தம் 125,200 ரூபாய். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. எங்கள் காசு பெரும்பாலும் வீதியில்தான் போனது. அம்மாவின் சங்கிலி இன்னும் ஈட்டில் இருக்கிறது, சிறுபோக நெல்லை விற்றுத்தான் மீட்க வேண்டும்.

அப்பா இப்போது தினமும் நடக்கிறார், நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு வரம்பைத் தாண்டி வாய்க்கால் வரை நிற்காமல் போகிறார். எங்காவது நின்றால் நான் வீட்டிலிருந்தே, "காலோ அப்பா?" என்று கத்துவேன். காலையும் மாலையும் பாதத்தை வெளிச்சத்தில் பார்த்து, பாதத்தின் மேற்பக்கத்தில் விரல் வைத்துத் துடிப்பைத் தேடுவதை நானும் பழகிவிட்டேன். விரித்த இடம் திரும்ப ஒடுங்கலாம் என்பதால் ஆவணி கடைசியில் மறுபடி ஸ்கான். போன திங்கட்கிழமை அதற்குத் துண்டு தந்தார்கள். கிளினிக் வாசலிலேயே நின்று வாசித்தேன். "டொப்ளர், வலது கால்" என்று இருந்தது. திரும்பி உள்ளே போய் வரிசையில் நின்றேன். டொக்டர் பேனையை எடுத்துப் பக்கத்தில் "நாடி" என்று எழுதித் தந்தார்.